ஆமை வளர்க்கும் வீட்டாருக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆமை வளர்ப்போரே,

உங்களில் பலரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐஸ்கிரீம் டப்பாவிலோ, பாதி தண்ணீர் ஊற்றிய வாளியிலோ ஆமையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, "டாக்டர், ஒரு மாசமா சாப்பிடல, கண்ணே திறக்கல" என்று சொன்னவர்கள் நீங்கள். அந்த ஒரு மாதம்தான் என்னை இந்த மடலை எழுத வைக்கிறது. உங்கள் வீட்டு நாய் ஒருவேளை சோறு தின்னாவிட்டால் அன்று மாலையே வந்துவிடுகிறீர்கள். ஆமைக்கு மட்டும் ஏன் ஒரு மாதம்? உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன், அழுது ஓய்ந்த முகம் அது. "ஆமை அப்படித்தான், நாள்கணக்கா பட்டினி கிடக்கும், தானே சரியாயிடும்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் நம்பிவிட்டீர்கள். நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் அதை வாங்கிய விதமும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் வண்ணமீன் கடை. பிள்ளைக்குப் பிறந்தநாளாக இருக்கும், அல்லது முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையாக இருக்கும். ஒரே உள்ளங்கையில் இரண்டு மூன்று குட்டிகள் அடங்கிவிடும். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பட்டை. "ரெட் இயர் சார், ஜோடியா எடுத்துக்கோங்க, இதுக்கு மேல வளராது, வாரம் ஒருதடவை தண்ணி மாத்தினா போதும்." கூடவே ஒரு சின்னத் தொட்டி, நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம், ஒரு டப்பா காய்ந்த இறால். கடையில் அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது எதுவும் உண்மையில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ரெட் இயர்டு ஸ்லைடர் அது. பெண் ஆமை 25 செ.மீ. நீளத்தைத் தாண்டி வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள் இருக்கும். இன்று அதற்குப் பெயர் வைத்த பிள்ளைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அதற்குத் தண்ணீர் மாற்ற ஓர் ஆள் வேண்டும். இதைக் கடையிலேயே சொல்லியிருந்தால் உங்களில் பாதிப்பேர் வாங்கியிருக்க மாட்டீர்கள். சொல்லாததுதான் எனக்குக் கடைக்காரர்கள்மேல் உள்ள தீராத மனக்குறை.

சரி, வாங்கிவிட்டீர்கள். அது உங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் உடம்பைப் பற்றி முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஆமை தன் உடம்புக்கான சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, நோயை எதிர்க்கும் திறன் இறங்கிவிடும், நான் போடும் ஊசிகூட ஒழுங்காக வேலை செய்யாது. "சென்னை வெயிலுக்கு இதுக்கு வேற சூடு வேணுமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் தொட்டி வெயிலில் இல்லையே. கூடத்தில், டைல்ஸ் தரையில், இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் இருக்கிறது. தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். நீரைவிட்டு மேலேறி உடம்பு முழுக்கக் காய்வதற்கு ஒரு திட்டு வேண்டும், அங்கே 30 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் தென்னைமரத் திட்டு உள்ளங்கை அளவுகூட இல்லை. ஆமை வளர்ந்தபின் அதில் ஏறவே முடியாது. மார்கழி மாதத்தில் அது ஒரு மூலையில் அசையாமல் கிடந்தால் "குளிர்காலத் தூக்கம்" என்று விட்டுவிடுகிறீர்கள். நம் ஊரில், உங்கள் கூடத்தில், அது தூக்கமல்ல.

அடுத்தது வெளிச்சம். வெயிலில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர் இருக்கிறது. யூவிபி என்பார்கள். அது தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பு வைட்டமின் டி3-ஐ உண்டாக்கிக்கொள்ளும். டி3 இல்லாமல் கால்சியம் உடம்பில் ஒட்டாது. "ஜன்னலோரமாத்தான் வெச்சிருக்கோம், நல்லா வெயில் வருது" என்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யூவிபியை விடாது. தொட்டிக் கண்ணாடியும் அப்படியே. கால்சியம் கிடைக்காத உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆமையின் ஓடு வேறெதுவுமில்லை, விலாவும் முதுகெலும்பும் சேர்ந்து விரிந்த எலும்புதான். அதில் நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. என் மேசைக்கு வரும் குட்டிகளில் சிலவற்றின் ஓட்டைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே அமுங்கும். பிறந்து மாதக்கணக்கான குட்டிக்கு அப்படி இருக்கவே கூடாது. ஓட்டுக்குப் பெயின்ட் அடித்து, பிள்ளையின் பெயர் எழுதிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளரும் எலும்பின்மேல் அடித்த பெயின்ட் அது.

இகுவானா என்ற பெரிய பல்லியை வளர்ப்பவர்களும் இந்த இடத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் இதே குறை உங்கள் வீட்டில் வேறு முகத்தோடு வரும். தொடை பருத்துப் போகும். "நல்லா கொழுகொழுன்னு ஆயிட்டான் டாக்டர்" என்று சந்தோஷமாகச் சொல்வீர்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் கோடே மங்கலாகத்தான் தெரியும். எலும்பு வலுவிழந்ததால் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவைக் கட்டியிருக்கிறது, அதுதான் அந்தப் பருமன். தாடை வளையும், விரல்கள் துடிக்கும், மேசையிலிருந்து குதித்த ஒரே குதியில் கால் முறியும்.

இனி அந்தக் கண். ஆமை கண் வீங்கி மூடிக்கொண்டதும் நீங்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறீர்கள், மனிதர்களுக்கான சொட்டு மருந்து வாங்கி விடுகிறீர்கள். ஒரு வாரம் பார்க்கிறீர்கள். பிறகு வேறொரு சொட்டு மருந்து. இரண்டு வாரம். அதற்குள் அது எலும்பும் தோலுமாகிவிடுகிறது, ஏனென்றால் ஆமை இரையைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். பெரும்பாலான சமயம் அது கண்ணில் வந்த நோயே இல்லை. காய்ந்த இறால் ஒன்றையே மாதக்கணக்கில் தின்றதால் வைட்டமின் ஏ குறைந்துபோய், கண்ணீர்ச் சுரப்பியின் உட்புறத் தோல் தடித்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அதே தடிப்பு மூச்சுக்குழலிலும் சிறுநீரகத்திலும் நடக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரிவது இமை மட்டும். காதிலும் வரும். தலையின் பக்கவாட்டில், கண்ணுக்குப் பின்னால், கடலை அளவில் ஒரு புடைப்பு. ஆமைக்குப் பிடிக்கும் சீழ் நம்முடையதைப் போல நீர்த்து ஓடாது. மயக்கம் கொடுத்து, காதுத்தோலைக் கீறி, இடுக்கியால் பிடித்து இழுத்தால் பன்னீர்த் துண்டு போல ஒரே கட்டியாக வெளியே வரும். அந்தக் கட்டிக்குள் எந்த மாத்திரையும் போய்ச் சேராது, எடுத்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் வந்திருந்தால் தீனியை மாற்றியே தீர்த்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ ஊசி வாங்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அளவு கூடினால் ஆமையின் தோல் பாளம் பாளமாக உரியும். நாய்க்கு உண்ணி மருந்தாகப் பயன்படும் ஐவர்மெக்டினை ஆமைக்கும் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆமைக்கு அது நஞ்சு. நரம்பு மண்டலம் செயலிழந்து செத்துவிடும். ஊர்வனவற்றின் உடம்பில் மருந்து வேலை செய்யும் கணக்கே வேறு. செஃப்டாசிடிம் என்ற ஊசியை மனிதர்களுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று வேளை போடுவார்கள், பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போடுகிறோம். கைப்பழக்கத்தில் கொடுக்கிற மருந்து எப்படிப் பொருந்தும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காட்சி எனக்கு அடிக்கடி வருகிறது. செல்போனில் வீடியோ காட்டுகிறீர்கள். ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, மூக்கில் குமிழி விடுகிறது. "பத்து நாளா இப்படித்தான் விளையாடுது." அது விளையாடவில்லை. அதன் நுரையீரல் இரண்டும் முதுகு ஓட்டின் அடியில் அகலமாக விரிந்திருக்கின்றன, நீரில் சமமாக மிதப்பதற்கு அந்தக் காற்றுதான் உதவுகிறது. ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். நமக்கிருக்கும் உதரவிதானம் ஆமைக்கு இல்லை, இருமிச் சளியைத் துப்ப அதனால் முடியாது. உள்ளேயே தேங்கும். நிமோனியா முற்றிய அந்த நிலையிலும் அது கத்தாது, முனகாது. காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பிராணியை வேட்டை விலங்கு முதலில் தூக்கிவிடும். அதனால் கடைசிவரை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. உங்கள் கண்ணில் படும்போதே நோய் வெகுதூரம் போயிருக்கிறது. ஒரு மாதம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஏன் அடிவயிறு கலங்குகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆண் துணை இல்லாத பெண் ஆமையும் முட்டை வைக்கும். தோண்ட மண் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துச் சாகவும் செய்யும். வளர்ந்த பெண் ஆமை தொட்டியைப் பிராண்டிக்கொண்டே இருந்தால், அலைந்துகொண்டே இருந்தால் எக்ஸ்ரேக்குக் கொண்டுவாருங்கள்.

உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழும். அது ஆமைக்கு நோய் தராது, குழந்தைக்குத் தரும். அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆமைகளை விற்க 1975-இலேயே தடை போட்டதற்கு இதுதான் காரணம். குட்டி ஆமையைத்தான் குழந்தை முத்தம் கொடுக்கும், வாயில் வைக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்றே சொல்வேன். மற்றவர்கள், தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் கூட்டம் குறைந்தபின் வருகிறீர்கள். பையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு தயங்குகிறீர்கள். உள்ளே நட்சத்திர ஆமை. வீட்டில் இருந்தால் பணம் சேரும் என்று யாரோ சொல்லி, யாரிடமோ வாங்கியது. அதை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலக அளவிலும் 2019-இல் அதன் வணிகத்தை முற்றாகத் தடுக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பயத்தாலேயே நீங்கள் மருத்துவரிடம் வருவதில்லை. அது பூஜையறைப் பக்கத்தில் இட்லியும் பால்பன்னும் நாய் பிஸ்கட்டும் தின்று கிடக்கிறது. புல்லும் இலையும் தின்று வாழப் பிறந்த உடம்புக்குப் புரதம் மிஞ்சிப்போய், குடிக்கத் தண்ணீரும் சரியாகக் கிடைக்காமல், மூட்டிலும் சிறுநீரகத்திலும் யூரிக் அமிலம் படிகிறது, சிறுநீர்ப்பையில் கல் வளர்கிறது. அது நடக்காமல் கிடப்பதைச் சாதுவான குணம் என்று நினைக்கிறீர்கள். வலியில் கிடக்கிறது. உயிரோடு இருக்கும்போதே வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்பதுதான் உங்களிடம் என் வேண்டுகோள். நோயோடு வந்தால் நான் பார்ப்பேன். திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இகுவானாவும் பால் பைத்தான் என்ற மலைப்பாம்பும் வைத்திருப்போர், அவற்றை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. பதிவு செய்யுங்கள். அவை எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்வதும் நல்லது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரே பயணியின் பைகளில் 47 மலைப்பாம்புகள் இருந்தன. அப்படிப் பெட்டிக்குள் திணித்துக் கடத்தப்படும் பிராணி உங்கள் கைக்கு வரும்போதே நீர்வற்றி, வாயில் புண்ணோடு, ஒட்டுண்ணியோடு வருகிறது. வாங்குகிறவர் இருக்கும்வரை அந்தப் பெட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ஸ்லைடரைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விடுகிறீர்கள், புண்ணியம் என்றுகூட நினைக்கிறீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் நீர்நிலைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் இவற்றைச் சேகரிக்கும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று. நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். விடாதீர்கள். வளர்க்க முடியாவிட்டால் என்னைப் போன்ற ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்ளும் ஒருவரைத் தேடுவோம்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். யூவிபி விளக்கு ஆமையின் விலையைவிடப் பல மடங்கு. எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் அதன் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். அது முடியாதவர்களுக்கு நம் ஊரில் வெயில் இலவசம். காலை வெயிலில் மொட்டைமாடியில் ஓர் அகலத் தொட்டியை வையுங்கள். பாதிக்கு நிழல் இருக்கட்டும், காய்ந்தால் அது ஒதுங்க வேண்டும். அரைமணி நேரம் போதும். மேலே வலை போடுங்கள், காகம் கொத்திக்கொண்டு போய்விடும். சித்திரை வெயிலில் நிழலில்லாத பக்கெட்டில் வைத்துவிட்டுப் போன் பேச உள்ளே போனால் திரும்பி வருவதற்குள் வெந்து இறந்துவிடும். அதனால் பக்கத்திலேயே இருங்கள். காய்ந்த இறாலை ஒதுக்கிவிட்டு ஆமைக்கான குருணைத் தீனியும் சிறு மீனும் கொடுங்கள். வளர வளரக் கீரை, துருவிய கேரட், பூசணியைக் கூட்டுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கிடைக்கும், கணவாயின் ஓடு. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுவைத்தால் வேண்டிய கால்சியத்தை அது கொறித்துக்கொள்ளும்.

எந்த மருத்துவரிடம் போவது என்பது உங்கள் நியாயமான கேள்வி. கால்நடை மருத்துவப் படிப்பில் மாடும் ஆடும் கோழியும் நாயும்தான் பெரும்பகுதி. ஆமை பார்க்கப் பழகியவர்கள் குறைவு. அதனால் முன்கூட்டியே போன் செய்து "ஆமை பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள். பார்க்காதவர் என்றால் பார்ப்பவரின் பெயரைக் கேளுங்கள். வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அருகில் உள்ளதில் விசாரியுங்கள். ஆமை நன்றாக இருக்கும்போதே விசாரித்து நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண் மூடியபின் தேடத் தொடங்கினால் தேடலிலேயே ஒரு வாரம் போய்விடும்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆமையை வெளியே எடுங்கள். சமையலறைத் தராசைப் போன்ற ஒன்றைத் தனியாக வாங்கி எடை போட்டு, நாட்காட்டியில் கிராம் கணக்கில் எழுதுங்கள். வாராவாரம் எழுதுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத நோய் முதலில் அந்த எண்ணில்தான் தெரியும். இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்திருக்கின்றனவா, மூக்கில் ஈரம் இருக்கிறதா, ஓடு அமுங்குகிறதா என்று பாருங்கள். வழக்கமாகப் பாய்ந்து வந்து இரை பிடிக்கும் ஆமை இரண்டு நாள் இரையைத் தொடவில்லை என்றால் மூன்றாம் நாள் மருத்துவரிடம் இருங்கள். வாளித் தண்ணீரில் கொண்டுவராதீர்கள், தளர்ந்துபோன ஆமை வழியிலேயே மூழ்கிவிடும். துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி விரித்துக் கொண்டுவாருங்கள். தொட்டியைப் படம் பிடித்து வாருங்கள், தீனி டப்பாவைக் கொண்டுவாருங்கள், எடை எழுதிய தாளையும் எடுத்து வாருங்கள். வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், நான் திட்டமாட்டேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர்